கோட்டுக்கு ஒரு அடி பின்னால்

கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ என்று ஒன்று உண்டு. எதிரணி தப்பாட்டம் ஆடினால் நமக்குச் சும்மா கிடைக்கும் எறி அது. பலகையிலிருந்து பதினைந்து அடி தள்ளி ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டாமல் நின்று பந்தை வளையத்துக்குள் போட வேண்டும். யாரும் குறுக்கே வரமாட்டார்கள், கையைத் தட்டமாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான காரியம் உலகத்திலேயே இல்லை என்று தோன்றும்.

சுடர்விழி சென்னையில் ஒரு வங்கியின் அணிக்காகப் பதினோரு வருஷம் ஆடினாள். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் கோட்டை ஒட்டி நின்றதில்லை. ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுதான் போடுவாள். பத்துக்கு எட்டு விழும். கோட்டைத் தொட்டு நின்றால் பத்துக்கு நாலு விழாது. பயிற்சியாளர் ஒரு மாதம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, எங்கே நின்றால் என்ன, விழுந்தால் சரி என்று விட்டுவிட்டார். அணியில் மற்றவர்கள் மட்டும் விடவில்லை. தஞ்சாவூர்க்காரி கோட்டைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்குகிறாள் என்று கேலி பேசினார்கள். அவளும் சிரித்துக்கொண்டு, “பழகிப் போச்சுங்க” என்பாள்.

பழக்கம் இல்லை அது, பயம். அப்படித்தான் அவள் நம்பினாள். நம்ப வைத்தவள் நான்.

என் பெயர் சௌந்தரநாயகி. ஆலங்கரம்பை அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். நானும் சுடரும் இதே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே அணியில் ஆடியவர்கள். எனக்கு வாய் நீளம். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்னைக் காரமிளகாய் என்று சொல்வது எனக்குத் தெரியும். பொய் என்று சொல்ல முடியாது.

பள்ளிக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தளம் இருக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் அது கூடைப்பந்து மைதானம். தை கடைசியில் சம்பா அறுவடை இறங்கிவிட்டால் நெற்களம். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காயவைக்க ஊரில் அவ்வளவு பெரிய தரை வேறு கிடையாது. புதிதாக வருகிற தலைமையாசிரியர் முதல் வருஷம் தடுத்துப் பார்ப்பார். இரண்டாம் வருஷம் அவரே வெளியே வந்து, மழை வருமா என்று வானத்தை அண்ணாந்து பார்ப்பார்.

நெல் பரப்பிய பிறகு மணிக்கு ஒரு தடவை காலால் கிளறிவிட வேண்டும். பாதத்தைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே போனால், பின்னால் ஏர் உழுத மாதிரி சால் விழும். நாங்கள் எல்லாரும் முன்னால் பார்த்து நடந்து இழுப்போம். சுடர் மட்டும் முழங்காலை மடக்கி, வயல் நண்டு போல் பக்கவாட்டில் போவாள். அவள் அப்பா நல்லக்கண்ணு, “ஒழுங்கா நடந்து தொலையேன் கழுதை” என்று திட்டுவார். அந்த நண்டு நடைதான் பின்னால் அவளுக்குச் சோறு போட்டது. எதிராளி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதம் தரையை விடாமல் கூடவே நகர்ந்து மறிக்க அவளைப் போல ஆள் மாநிலத்தில் இல்லை என்று சொன்னார்கள். எந்த அகாடமியில் கற்றாய் என்று ஒருவர் கேட்டபோது சிரித்து மழுப்பிவிட்டாளாம்.

மாசி முடிந்து நெல் போனதும் தரையில் கோடு ஒன்றும் இருக்காது. டிராக்டர் டயரும் விளக்குமாறுமாகச் சேர்ந்து எல்லாவற்றையும் தேய்த்திருக்கும். பங்குனியில் பஞ்சநதம் பெரியப்பா மூங்கில் கோலும் சுண்ணாம்பு வாளியுமாக வந்து மறுபடி போடுவார். சொந்தப் பெரியப்பா இல்லை, ஊருக்கே பெரியப்பா. களத்தில் கூலி நெல் அளக்கிறவர். அவர் அளந்தால்தான் வாங்குவோம் என்று அறுப்பு ஆட்கள் ஒற்றைக் காலில் நிற்பார்கள். மரக்காலைத் தலை வழித்து அளந்துவிட்டு, ஒவ்வொரு மரக்காலுக்கும் மேலே ஒரு கை அள்ளிப் போடுவார். மிராசுதாருக்கு வயிறு எரியும். ஆனால் வாய் திறக்க முடியாது. பஞ்சநதம் அளந்ததை இன்னொருவர் மறுபடி அளந்து பார்ப்பது ஆலங்கரம்பையில் வழக்கம் இல்லை. அப்படிச் செய்தால் அந்த மனிதரைத் திருடன் என்று சொன்ன மாதிரி. எங்கள் விளையாட்டு வாத்தியார் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததோடு சரி. அவரும் டேப்பைத் தொட்டதில்லை.

2002-இல் நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பு. சுற்றுவட்டாரத்தில் வளையம் மாட்டிய ஒழுங்கான கம்பம் எங்கள் பள்ளியில்தான் இருந்தது. வட்டப் போட்டி, மாவட்டப் போட்டி எல்லாம் எங்கள் தளத்திலேயே நடந்தன, எல்லாவற்றிலும் ஜெயித்தோம். மாநிலப் போட்டிக்குச் சென்னை போனோம். மேற்கூரை போட்ட அரங்கம், மரத் தரை. எங்கள் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று நான் கேட்டேன்.

எப்படியோ தட்டுத் தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். ஜெயிக்கிற அணியின் அத்தனை பேருக்கும் சென்னைக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், விடுதி, சாப்பாடு எல்லாம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதையும் அவ்வளவு ஆசையாக நான் கேட்டதில்லை. கடைசி நான்கு விநாடி, ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், சுடருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் சமன். இரண்டும் விழுந்தால் கல்லூரி.

அவள் கோட்டில் போய் நின்றாள். ஊரில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவள். முதல் பந்து வளையத்தின் பின்விளிம்பில் டங்கென்று பட்டுத் திரும்பி வந்தது. இரண்டாவதும் அதே இடத்தில் பட்டு அதே மாதிரி திரும்பி வந்தது.

திரும்புகிற பஸ் விழுப்புரம் தாண்டியது. அவள் என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான்தான் ஆரம்பித்தேன்.

“நீ பயந்துட்ட.”

“இல்லடி. எப்பவும் போலத்தான் போட்டேன்.”

“எப்பவும் போலப் போட்டா விழுந்திருக்கும். கோட்டைப் பாத்ததும் பயந்துட்ட. உன்னாலதான் எல்லாம் போச்சு.”

பதினேழு வயதில் இப்படி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, மறுநாளே மறந்துவிடுகிற புத்தி எனக்கு இருந்தது. வாங்கிக்கொண்டவளுக்கு மறக்கிற புத்தி இல்லை.

அவள் கால் நகர்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, அவளை மட்டும் அந்தக் கல்லூரி எடுத்துக்கொண்டது. அங்கிருந்து வங்கி அணி. நான் மூவலூரில் அத்தை வீட்டில் தங்கி மயிலாடுதுறையில் படித்து, பிறகு பி.எட். முடித்தேன். பொறாமை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நாள்படத் தணிந்தது. அவள் மாதம் ஒருமுறை போன் செய்வாள். ஒருமுறை கனவு ஒன்றைச் சொன்னாள். பந்தை எறிகிறாள், அது வளையத்துக்கு மேலே போய் அப்படியே நின்றுவிடுகிறது. விழவும் இல்லை, திரும்பவும் இல்லை. கீழே குனிந்து பார்த்தால் மரத் தரையைக் காணோம். தண்ணீர் கட்டிய வயல், அதில் வானம் தெரிகிறது. பந்து எப்போது விழும் என்று முழங்கால் சேற்றில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறாள். விடிந்துவிடுகிறது.

“அடிக்கடி வருதுடி” என்றாள். அவ்வளவு நிதானமாகச் சொன்னதால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முழங்கால் தசைநார் இரண்டாம் முறை கிழிந்ததோடு அவள் ஆட்டம் முடிந்தது. வங்கி வேலை இருந்தது. தஞ்சாவூர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். வந்த வாரமே காலையில் ஐந்தரை மணிக்கு விசில் சத்தம் கேட்டது. எட்டுப் பெண் பிள்ளைகள், இரண்டு பந்து. ஏழே முக்காலுக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடுவாள், சாயங்காலம் மறுபடி வருவாள். இப்போது முப்பத்தொரு பிள்ளைகள். நான் அணிக்கு மேலாளர். அதாவது வேன் பேசுவது, தண்ணீர் பாட்டில் எண்ணுவது, கட்டம் போட்ட நோட்டில் யார் எங்கிருந்து எறிந்தார்கள், பந்து எங்கே பட்டது என்று புள்ளி வைப்பது. கணக்கு டீச்சருக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்.

மார்கழிக் காலைகளில் அந்தத் தளம் பூமியில் இருக்கிற இடம் மாதிரியே இருக்காது. வெண்ணாற்றிலிருந்து எழும் பனி வயலை மூடி, வேலியை மூடி, கம்பத்தில் பாதியை மூடிவிடும். வளையம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். பந்து தரையில் படுகிற ஓசை மட்டும் இங்கும் அங்கும் நடமாடும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று சுடர் காதாலேயே சொல்லிவிடுவாள். அந்த நேரத்தில் சில நாள் அவள் தனியாக ஒரு பந்தை எடுத்துக்கொண்டு கோட்டில் போய் நிற்பாள். ஆமாம், கோட்டை ஒட்டியே நிற்பாள். பனிக்குள் பந்து காணாமல் போகும். சற்றுக் கழித்து வலை சரக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். இருபது போட்டால் இருபது.

“இங்க மட்டும் எப்படிடி கோட்டுல நிக்கிற?” என்று கேட்டேன்.

“நம்ம ஊர்ல எனக்குப் பயம் இல்லபோல” என்றாள்.

எனக்கு அது அழகான பதிலாகத் தோன்றியது. இத்தனைக்கும் நான் எட்டாம் வகுப்புக்கு நீள அளவை நடத்துகிறவள். அளவுகோல் என் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

போன கார்த்திகையில் பிள்ளைகள் மண்டலப் போட்டியில் அரையிறுதிக்கு வந்தார்கள். தஞ்சாவூரில் உள்ளரங்கம், மரத் தரை. செம்மொழி என்கிற பதினோராம் வகுப்புப் பெண்தான் அணித் தலைவி. நடவுக்குப் போகிற வீட்டுப் பெண், அதிகம் பேசமாட்டாள். மரத் தரையைத் தொட்டுப் பார்த்து, அந்தக் கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. ஃப்ரீ த்ரோதான் விழவில்லை. பதினொன்றில் ஒன்பது வீண். ஒரு பெண் என்றில்லை, ஐந்து பேர் போட்டும் விழவில்லை. கடைசியில் ஆறு விநாடி மிச்சம், ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், செம்மொழியைத் தள்ளிவிட்டார்கள், இரண்டு ஃப்ரீ த்ரோ. சுடரின் முகத்தை நான் பார்த்தேன். ரத்தம் வற்றிப் போயிருந்தது. இடைவேளை கேட்டுக் கையைக் காட்டினாள். பிள்ளைகள் எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “என்னடி இது, பத்து வருஷமாப் போடுற மாதிரி ஊர்ல போடுறீங்க, இங்க வந்து எல்லாரும் பயந்து…” என்று ஆரம்பித்துவிட்டேன்.

சுடர் என் கையிலிருந்த நோட்டைப் பிடித்தாள். பேச்சை நிறுத்தத்தான் பிடித்தாள். பிடித்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது தவறிய பந்துக்கும் நான் ஒன்பது புள்ளி வைத்திருந்தேன். ஒன்பதும் வளையத்தின் பின்விளிம்பில், ஈ மொய்த்த மாதிரி ஒரே இடத்தில் கிடந்தன.

“சௌந்தரம், பயந்தவ பந்து எட்டாம விழும். இல்லன்னா கோணிக்கிட்டுப் போகும்” என்றாள் மெதுவாக. “இது எல்லாமே ஒரே மாதிரி நீளமாப் போயிருக்கு. அஞ்சு பேருக்கும்.”

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் எங்கேயோ போய்விட்டுத் திரும்பியது. நடுவர் விசில் ஊதினார். அவள் செம்மொழியின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

“கோட்டுல நிக்காத. ஒரு அடி பின்னால நில்லு. ஊர்ல போடுற மாதிரியே போடு. வேற ஒண்ணும் பண்ணாத.”

செம்மொழி கோட்டுக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். ஒரு அடி பின்வாங்கினாள். எதிரணிப் பிள்ளைகள் சிரித்தார்கள். பந்து மேலே போனது. அது வளையத்துக்கு மேலே வெகு நேரம் நின்றது போலத்தான் எனக்கு இருந்தது. பிறகு, விளிம்பில் எங்கேயும் படாமல் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

மறுநாள் இறுதி ஆட்டத்தில் பதினான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள், அதில் புகார் இல்லை. ஃப்ரீ த்ரோவில் மட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுடர் ஒரு பந்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு தளத்துக்கு வந்தாள். பலகைக்கு நேர் கீழே நான் முனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டில் வைத்தாள். பதினாறு அடி. எதிர்ப் பக்கமும் அளந்தோம். அங்கேயும் பதினாறு. பதினாறு அடிக்குப் பழகிய கை பதினைந்தில் நின்று போட்டால் பந்து நீளமாகப் போகாமல் என்ன செய்யும்.

அப்போதுதான் வேலியோரம் பஞ்சநதம் பெரியப்பா நிற்பதைப் பார்த்தோம். எண்பத்து மூன்று வயது. இன்னும் அவர்தான் கோடு போடுகிறார். சுண்ணாம்பு வாளியை மட்டும் பிள்ளைகள் தூக்கிக்கொள்வார்கள். சுடர் டேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், திருட்டு மாங்காய் பறித்தவள் மாதிரி. அதற்குள் அவர் பார்த்துவிட்டிருந்தார்.

“என்ன ஆயி, அளக்குறீங்களா? எதுவும் குறையுதா?” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

“குறையல பெரியப்பா. ஒரு அடி கூட இருக்கு.”

“கூடத்தான் இருக்கும். வச்சதே நான்தானே.” அவர் நிம்மதியாகத் தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். “சின்னப் புள்ளைங்க ஆடுற எடம். காயிதத்துல இருக்கிற மாதிரி வழிச்சு அளந்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்? மேல ஒரு கை போடணும்ல.”

சுடர் டேப்பை முன்னால் கொண்டுவந்து சுருட்டினாள். “நாங்க ஆடின காலத்துலயும் அப்படித்தான் போட்டீங்களா?” என்று கேட்டாள்.

“நல்லாக் கேட்ட போ. ஒங்களுக்கு மட்டும் குறைச்சா அளந்திருப்பேன்?”

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அன்பையும் அளந்துதான் போட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சுடர் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, நிற்க முடியாமல் அந்தக் கோட்டின்மேலேயே உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பெரியப்பா பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

“ஏதும் தப்பாப் போச்சா ஆயி?”

நான் வாயைத் திறந்தேன். சுடர் முந்திக்கொண்டாள்.

“இல்ல பெரியப்பா. நீங்க போட்ட அந்த ஒரு அடியிலதான் பதினோரு வருஷம் ஆடினேன். அதுலதான் பத்துக்கு எட்டு விழுந்துச்சு.”

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அளந்து கொடுத்த நெல்லை வாங்கினவன் வீட்டில் பொங்கித் தின்றேன் என்று வந்து சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி. சுடர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பக்கத்துலயே இன்னொரு கோடு போட்டுத் தரணும். கை போடாத கோடு. வெளியூர்ல எல்லாம் அப்படித்தான் வச்சிருக்காங்க” என்றாள்.

“வெளியூர்க்காரன் கஞ்சப் பய” என்று சொல்லிக்கொண்டே அவர் கோலை எடுத்துவரப் போனார்.

நாங்கள் இருவரும் மட்டும் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வயலில் யாரோ மருந்து அடிக்கும் மெஷின் சத்தம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“சுடர், அன்னிக்கு நீ பயப்படலடி” என்றேன். “பஸ்ஸுல நான் சொன்னது தப்பு. உனக்கு நான் பெரிய பாவம் பண்ணிட்டேன்.”

அவள் குனிந்து, கோட்டில் கிடந்த பந்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“நீ பயந்துட்டன்னு சொன்ன, இத்தனை வருஷம் நம்பினேன்” என்றாள். “இப்ப பயப்படலன்னு சொல்ற. இதையும் நம்பிக்கிறேன், விடு.”